உயரம் நின்ற பிறகும் உடம்பில் எது வளருது? 14 வயது மணப்பெண்ணின் மரணமும் டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையும்

பொண்ணு வயசுக்கு வந்துட்டா, இனிமேல் உயரமா வளர மாட்டாளா? டீன் ஏஜ் பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தமிழ்நாடு காவல்துறைத் தேர்வுக்குத் தயாராகும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியமான கேள்வி. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பொதுப் பிரிவுப் பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் வேண்டும். 2 செ.மீ. குறைந்தாலே, எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் மைதானத்தில் வைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால், பெண்ணின் வளர்ச்சி எப்போது முடிகிறது என்ற கேள்வி ஒரு காலத்தில் வேலை சம்பந்தப்பட்டதாக இல்லை. உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தது. அதற்கு வேலூர் மாவட்டத்திலேயே ஒரு பெரிய சாட்சி நிற்கிறது. அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கம் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால், சிஎம்சிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா என்ற பேச்சு உடனே வரும். அந்த சிஎம்சி உருவானதற்குப் பின்னால் 14 வயதுப் பெண் ஒருத்தியின் பிரசவம் இருக்கிறது. அதைத் தன் வாழ்நாள் முழுக்க மறக்காத ஒரு டாக்டர் இருக்கிறார். அவர்தான் ஐடா ஸ்கடர்.

முதலில் அறிவியல்: உயரம் எப்போது நிற்கும்?

பெண் பிள்ளைகளுக்கு 10, 11 வயது வாக்கில் வளர்ச்சி வேகம் எடுக்கும். போன வருஷம் தைத்த யூனிஃபார்ம் இந்த வருஷம் பத்தாமல் போவது இந்தக் கட்டத்தில்தான். உச்சத்தில் இருக்கும்போது ஒரே வருடத்தில் 8 செ.மீ. வரைகூட வளர்வார்கள்.

இந்த உச்சம் முதல் மாதவிடாய்க்கு முன்பே வந்து போய்விடும். அதற்காக, வயசுக்கு வந்த அன்றே உயரம் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. அதன் பிறகும் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு வளர்ச்சி இருக்கும். வேகம்தான் குறைந்திருக்கும். பெரும்பாலானவர்கள் இந்தக் காலத்தில் 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள். 14 முதல் 16 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு உயரம் நின்றுவிடும். ஆண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சுமார் இரண்டு ஆண்டு தள்ளி நடக்கும்.

ஏன் நிற்கிறது? கை, கால்களின் நீளமான எலும்புகளின் நுனிப் பகுதியில் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கும். எலும்பு நீளுவது அங்கேதான். பருவ வயதில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் முதலில் வளர்ச்சியைத் தூண்டுகிறது. பிறகு அதே ஹார்மோன்தான் அந்தத் தட்டுகளை மெல்ல மூடவும் செய்கிறது. தட்டு மூடி எலும்பாகிவிட்டால் கதை முடிந்தது. எந்தப் பவுடரும் அதை மறுபடி திறக்காது.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான். தெரியாத பாதி இடுப்பெலும்பில் இருக்கிறது. உயரம் நிற்கும்போது இடுப்பெலும்பின் வளர்ச்சி முடிந்திருக்காது. பிரசவத்தில் குழந்தை வெளிவரும் பாதை உயரத்தைவிட மெதுவாக, உயரம் நின்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு அகலமாகிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு அம்மா உயரத்துக்கு வளர்ந்து நிற்கிற 14 வயதுப் பெண், உள்ளுக்குள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற குழந்தை.

அதைக் கவனிக்காத ஒரு காலத்தில்தான் ஐடாவின் கதை தொடங்குகிறது.

யார் இந்த ஐடா?

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். அமெரிக்க மிஷனரிக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் மனைவியோடு இலங்கைக்குக் கப்பலேறி வந்து யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பார்த்தவர். அவருடைய பிள்ளைகளில் பலர் அதே வழியில் இந்தியாவுக்கு வந்தார்கள். ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான். வீட்டில் ஐந்து அண்ணன்கள், கடைக்குட்டி ஐடா.

அவருக்கு ஆறு, ஏழு வயது இருக்கும்போது 1876–78 பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் பட்டினியில் இறந்த பஞ்சம் அது. தானாக எடுத்துச் சாப்பிடக்கூட தெம்பில்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டும் வேலை சின்னப் பெண்ணான ஐடாவுக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் காட்சிகள் அவரைவிட்டுப் போகவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கணும். சின்ன வயதில் சரியான சாப்பாடு இல்லாத பெண் குழந்தைக்கு உயரம் மட்டும் குறைவதில்லை. இடுப்பெலும்பும் குறுகலாகவே நின்றுவிடலாம். பருவமடைவதும் தள்ளிப்போகும். அதாவது, வளர்ச்சி முடியவே இன்னும் கூடுதல் ஆண்டுகள் ஆகும். பஞ்சத்தில் பிழைத்த பெண் குழந்தைகள் பலர் அடுத்த பத்தாண்டுகளில் மணப்பெண்களாகவும் தாய்மார்களாகவும் ஆனார்கள்.

ஐடா பிறகு அமெரிக்கா போய், மாசசூசெட்ஸில் பள்ளிப் படிப்பை முடித்தார். கலகலப்பான பொண்ணு. குடும்பத் தொழிலான மிஷனரி வேலை தனக்கு வேண்டவே வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தார். அமெரிக்காவிலேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக செட்டில் ஆகணும் என்பதுதான் ஆசை. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததால் மட்டுமே இந்தியாவுக்கு வந்தார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொண்டு, குணமானதும் திரும்பிவிடுவது என்பதுதான் பிளான்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

ஒருநாள் ராத்திரி வீட்டு வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். அவருடைய மனைவிக்கு 14 வயது. பிரசவ வலி வந்து குழந்தை பிறக்காமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் முடியவில்லை. ஐடா வந்து உதவ வேண்டும் என்று கேட்டார்.

தான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போகலாம் என்று ஐடா சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வெளி ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்தார். முஸ்லிம். அவர் மனைவிக்கும் பிரசவ வலி, அதே சிக்கல். ஆண் டாக்டர் வேண்டாம் என்ற அதே பதில். மூன்றாவதாக, இன்னொரு உயர்சாதி இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர் வந்தார். அவரும் அதையே சொல்லித் திரும்பினார்.

ஐடா அன்றைக்குத் தூங்கவில்லை. விடியற்காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

மதம் வேறு, வீடு வேறு. மூன்று வீட்டிலும் ஒரே காரணம்: பார்க்க ஒரு பெண் டாக்டர் இல்லை. அந்த வீட்டுப் பெண்களிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை. அன்றைக்கே தன் முடிவைப் பெற்றோரிடம் சொன்னார் ஐடா: அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு, இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாக.

14 வயதில் பிரசவம் ஏன் அவ்வளவு ஆபத்து?

அந்த மூவரையும் எந்த டாக்டரும் பரிசோதிக்கவில்லை. அதனால் இறப்புக்கான மருத்துவக் காரணம் எங்கேயும் எழுதப்படவே இல்லை. ஆனால், 14 வயது உடம்பில் பிரசவம் எப்படிச் சிக்கலாகும் என்பது இன்றைக்கு நன்றாகத் தெரியும்.

குழந்தையின் தலை வெளிவர, இடுப்பெலும்பின் நடுவிலுள்ள வழி போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். வளர்ச்சி முடியாத இடுப்பில் அந்த வழி குறுகல். தலை பாதியில் சிக்கிக்கொள்ளும். கர்ப்பப்பை தொடர்ந்து சுருங்கித் தள்ளிப் பார்க்கும், குழந்தை நகராது. இது ஒரு நாள், இரண்டு நாள் என்று இழுத்தால் கர்ப்பப்பை கிழியலாம், ரத்தப்போக்கோ தொற்றோ உயிரை எடுக்கலாம். பிழைத்தாலும், தலை அழுத்திய இடத்தில் தசை அழுகி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழலாம். அப்புறம் காலம் முழுக்க சிறுநீர் கசியும். அப்படிப்பட்ட பெண்களைப் பல வீடுகளில் ஒதுக்கி வைத்தார்கள்.

இன்றைக்கு இதற்கு சிசேரியன் இருக்கிறது. 1890-களின் திண்டிவனத்தில் அந்த வீட்டுப் பெண்களுக்கு மருத்துவச்சி மட்டும்தான் இருந்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. தானே வளர்ந்துகொண்டிருக்கும் பெண் கர்ப்பமானால், சத்துக்காக அவள் உடம்பும் வயிற்றுக் குழந்தையும் போட்டி போடும் நிலை வருகிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். தாயின் வளர்ச்சியும் பாதியில் நின்றுவிடலாம். பங்களாதேஷ் கிராமங்களில் நடந்த ஆய்வில், கர்ப்பமாகாத டீன் ஏஜ் பெண்கள் தொடர்ந்து வளர்ந்ததும், அதே வயதில் கர்ப்பமானவர்களின் உயரம் நின்றுபோனதும் பதிவாகியிருக்கிறது.

படித்தார், திரும்பி வந்தார்

1895-ல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். பிறகு நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கிளம்பும் முன் ஆஸ்பத்திரி கட்ட நிதி திரட்டினார். ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டு பிறந்தபோது ஐடா வேலூரில் இருந்தார். அப்பாவின் வழிகாட்டுதலில் வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ஆனால், வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். பெண் டாக்டர் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில், முப்பதை எட்டாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை யாரும் சட்டென்று நம்பவில்லை. பங்களாவில் 10-க்கு 12 அடி அறை ஒன்றுதான் கிளினிக். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு அவர் சிகிச்சை கொடுத்திருந்தார்.

1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வேலூர்க்காரர்களுக்கு இந்தப் பேர் புதுசு இல்லை. ஆரணி ரோட்டில் இன்றைக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரியாக அது இயங்குகிறது.

ஆஸ்பத்திரியே ரோட்டுக்கு வந்தது

சீக்கிரமே ஐடாவுக்கு ஒன்று புரிந்தது. ஆஸ்பத்திரி இருந்தால் மட்டும் போதாது. கிராமத்துப் பெண்கள் வரவே முடியாத நிலையில் இருந்தார்கள். வீட்டில் அனுமதி வேண்டும், வண்டி வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அதனால் மருந்துகளை எடுத்துக்கொண்டு அவரே வாராவாரம் குடியாத்தம் சாலையில் கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு சின்ன பியூஜோ கார் வந்தது. காரையே பார்த்திராத ஜனங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலில் ஓடினார்கள், பிறகு அதற்காகவே காத்திருந்தார்கள். குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். அங்கேயே புண்ணுக்குக் கட்டு, காய்ச்சலுக்கு மருந்து, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. நடமாடும் மருத்துவமனை என்று இன்றைக்கு நாம் சொல்வதன் ஆரம்ப கால வடிவம் அது.

14 பேர் எழுதினார்கள், 14 பேரும் பாஸ்

ஒரு ஐடா எத்தனை பிரசவம் பார்க்க முடியும்? திண்டிவனத்து ராத்திரியில் கதவைத் தட்டியது மூன்று பேர். ஒரே டாக்டர் ஒரே நேரத்தில் மூன்று வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண் இருக்கணும். அதற்கு இங்குள்ள பெண்களே டாக்டராகவும் நர்ஸாகவும் ஆகணும்.

1909-ல் நர்ஸிங் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. சென்னை மாகாண அதிகாரிகளுக்கு நம்பிக்கை இல்லை. பெண்கள் படிக்க வருவார்களா, வந்தாலும் தேறுவார்களா என்ற சந்தேகம். 1918 ஆகஸ்ட் 12 அன்று பள்ளி திறக்கப்பட்டது. கவர்னர் பென்ட்லேண்ட் பிரபு திறந்துவைத்தார்.

முதல் செட் மாணவிகள் மாகாண அளவிலான தேர்வை எழுதினார்கள். 14 பேர் எழுதி 14 பேரும் தேறினார்கள். அதே தேர்வில் ஆண்கள் ஐந்தில் ஒருவர் தேறுவதே கஷ்டமாக இருந்தது.

1938-ல் அடுத்த சோதனை. பழைய டிப்ளமா படிப்பு செல்லாது, எம்பிபிஎஸ் தரத்துக்கு உயர வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. உயர்த்த முடியாவிட்டால் மூட வேண்டியதுதான். 70 வயதில் ஐடா மறுபடி அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராக நிதி கேட்டார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை வந்தபோது, இத்தனை வருஷம் காசு கொடுத்த அமெரிக்கப் பெண்கள் சிலர் கோபப்பட்டார்கள். பெண்களுக்கென்று கொடுத்த பணம் அது என்பது அவர்கள் வாதம். அது நியாயமான கேள்விதான். ஐடாவுக்கும் அது எளிதான முடிவாக இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். 1942-ல் எம்பிபிஎஸ் அனுமதி கிடைத்தது, 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் வாழ்ந்தார். 1960 மே மாதம், 89 வயதில் அங்கேயே காலமானார்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது

திண்டிவனத்து ராத்திரி நடந்த அதே காலகட்டத்தில் நாட்டில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. வங்காளத்தில் புல்மோனி என்ற சிறுமி, தன்னைவிடப் பல வயது மூத்த கணவனின் பாலியல் வன்முறையில் இறந்தாள். அதன் பிறகு 1891-ல், பெண்ணின் இசைவு வயது 10-லிருந்து 12 ஆக்கப்பட்டது. 12 என்பதற்கே அவ்வளவு எதிர்ப்பு. வளர்ச்சி அட்டவணையில் பார்த்தால், 12 என்பது ஒரு பெண் வேகமாக உயரமாகிக்கொண்டிருக்கும் வயது.

1929-ல் சாரதா சட்டம் வந்தது. அது பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. சென்னை சட்ட மேலவையில் இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, திருமண வயதை உயர்த்தக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர். சாரதா சட்டம் அனுமதித்த அந்த 14, திண்டிவனத்தில் இறந்த பெண்ணின் வயதேதான். 18 ஆவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போ எல்லாம் மாறிடுச்சா?

நிறைய மாறியிருக்கிறது. முழுசா மாறவில்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள் இந்தியாவில் 23.3%, தமிழ்நாட்டில் 12.8%. அதாவது நம் மாநிலத்தில் எட்டில் ஒரு பெண். உலக அளவில் 15–19 வயதுப் பெண்களின் இறப்புக்கான முக்கியக் காரணங்களில் கர்ப்ப, பிரசவச் சிக்கல்களும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அணைக்கட்டு தாலுகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு சிஎம்சி பஸ்ஸில் போகிற தூரம். பள்ளி முடித்த பெண்கள் ஆம்பூர் பக்க ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என ஜவ்வாது மலை ஊராட்சிகள். அங்குள்ள குக்கிராமங்களுக்கு ரோடு என்பதே பெரிய போராட்டம். ஐடா மாட்டு வண்டியில் கிளம்பியதற்கான காரணம் மலைமேல் இன்னும் முழுசா தீர்ந்துவிடவில்லை.

வார்த்தைகளும் மாறவில்லை. பொண்ணு நல்லா வளந்துட்டா, முடிச்சிடலாம் என்ற பேச்சு இன்றைக்கும் வீடுகளில் கேட்கும். வளந்துட்டா என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உயரத்தை வைத்து. உடம்பு கடைசியாக முடிக்கிற வேலை வெளியே தெரிவதில்லை.

உங்க வீட்டுப் பொண்ணுக்கு என்ன செய்யலாம்?

* உயரம் முக்கியமாகப் பரம்பரையைப் பொறுத்தது. முட்டை, பயறு, பால், கீரை, மீன் என்று சரியான சாப்பாடும் தூக்கமும் 8 வயதிலிருந்தே முக்கியம். 16 வயதில் பவுடர் டப்பா வாங்கிப் பயனில்லை.

* உயரம் இன்னும் வளருமா என்று தெரிய வேண்டுமானால், டாக்டர் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்துச் சொல்வார்.

* 8 வயதுக்கு முன்பே பருவ மாற்றங்கள் தொடங்கினாலும், 13 வயதாகியும் மார்பக வளர்ச்சியே தொடங்காவிட்டாலும், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலும் குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள். இவற்றில் பலவற்றுக்கு, தட்டுகள் மூடுவதற்கு முன்பு சிகிச்சை உண்டு.

* பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

* 18 வயதுக்குள் கல்யாணம் நடக்கப்போவதாகத் தெரிந்தால் 1098-க்கு போன் செய்யலாம். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் அது.

அடுத்த முறை சிஎம்சி பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போது, அந்தக் கூட்டத்தில் வெள்ளை கோட்டோடு அவசரமாக ரோட்டைக் கடக்கும் இளம் பெண் டாக்டர்களைக் கவனியுங்கள். திண்டிவனத்தில் ஒரு ராத்திரி மூன்று வீடுகளுக்கும் தேவைப்பட்டது அவர்களில் ஒருத்திதான்.